துப்புவுக்கு எடுத்துக் கொடுத்த புத்தகங்கள்

உங்கள் பையன் புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறான் என்று சொன்னீர்கள். அதற்காகக் கவலைப்படாதீர்கள். படிக்காத பிள்ளை என்று ஒரு ரகமே கிடையாது. யாரோ தப்பான நேரத்தில் தப்பான புத்தகத்தைக் கையில் திணித்திருப்பார்கள், அவ்வளவுதான். பெரியவர்கள் பின்னட்டையைப் படித்துவிட்டு வாங்குகிறார்கள். பிள்ளைகள் பின்னட்டையைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் பக்கத்தைச் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஒரு கை மூடிக்கொண்டால் அந்தப் புத்தகம் இன்னும் ஒரு வருஷம் பொறுக்கட்டும். ஒரு விரலும் மடங்காவிட்டால் அதுவும் வேண்டாம், போரடித்துவிடும்.

விஷயத்துக்கு வா என்று உங்கள் முகம் சொல்கிறது. விஷயமே இதுதான். பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதைத் தவிர நான் வாழ்நாளில் வேறு எதுவும் செய்ததில்லை. அன்றும் அதைத்தான் செய்தேன்.

எங்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் பிரிவு. இடுப்பளவு அலமாரிகள், குட்டி நாற்காலிகள், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். மாடியில் பெரியவர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு கூட்டம் வரும், மழை வந்தால் இன்னொரு கூட்டம் வரும். பன்னிரண்டு, பதிமூன்று வயதானதும் ஒவ்வொருத்தராக மாடிக்கு ஏறிப் போய்விடுவார்கள். படியில் பார்த்தால் தலையை ஆட்டுவார்கள். அடுத்த வருஷம் அதுவும் இருக்காது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். நான் காட்டிக்கொண்டதில்லை.

துப்பு எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அந்தப் பெயரை வைத்தது நான்தான். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர், உங்கள் காகிதத்தில் இருக்கிறது. எனக்கு அந்தப் பெயரில் அவளை நினைக்க வராது. அவள் அம்மா நோயில் கிடந்து இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எப்போது யார் மாட்டிக்கொள்வார்கள் என்று தெரியாத வேலை. பிள்ளையை வீட்டில் தனியாக விட முடியாது, ஏனென்றால் அவளுக்கு வலிப்பு உண்டு. தினமும் மாத்திரை போட்டால் ஒன்றும் வராது. போடாவிட்டால் வரும். அதை முதல் நாளே அவர் என்னிடம் சொன்னார், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு.

"மேடம், ஆறு மணிக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிடுறேன். ஒரு மூலையில உக்காந்திருப்பா. தொந்தரவு பண்ணமாட்டா."

தொந்தரவு பண்ணாத பிள்ளை என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். நான் நினைத்ததுபோலவே முதல் வாரம் முழுக்க அவள் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேவதைக் கதை வைத்துப் பார்த்தேன், நாய்க்குட்டிக் கதை வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் அவளே என் மேஜைக்கு வந்தாள்.

"எதிர் வீட்டு மாமா குடை எடுத்துட்டுப் போறாரு, திரும்பி வரும்போது குடை இல்ல. மூணு நாளா இப்படித்தான். எங்க மேடம் விடுறாரு?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மர்மக் கதை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். காணாமல்போன சைக்கிள் மணிகளைப் பற்றிய சின்னப் புத்தகம். அன்று அப்பா வந்து கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு கணக்கு ஏற்பட்டுவிட்டது. அவள் முடிவுக்கு முந்தைய அத்தியாயத்தில் நிறுத்திவிட்டு வந்து என்னிடம் குற்றவாளி யார் என்று சொல்வாள். நான் முகத்தில் எதையும் காட்டக்கூடாது. பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வாள். தவறிவிட்டால் இரண்டு நாளைக்கு அந்த எழுத்தாளரோடு டூ.

அவளுடைய மூளைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மாடிப் பிரிவில் யாரோ ஒருவர் மர்ம நாவல்களின் முதல் பக்கத்தில் 'கொன்றது டாக்டர்', 'கொன்றது மைத்துனன்' என்று பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டிருந்தார். வாசகர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். மாடி நூலகர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஆள் அகப்படவில்லை. துப்பு அந்தப் பக்கங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது சாதாரணப் பென்சில் இல்ல. பட்டையா இருக்கு. தச்சர் வச்சிருக்கிற பென்சில்" என்றாள். நேராக மாடிக்குப் போய், நாற்காலி பழுது பார்க்க வருகிற பெரியவர் முன்னால் நின்றாள். அவர் காதில் பட்டைப் பென்சில் செருகியிருந்தது.

"ஏன் தாத்தா இப்படிப் பண்றீங்க?"

"பாதியில நான் செத்துட்டா முடிவு தெரியாமப் போயிடுமேன்னு கடைசிப் பக்கத்தை முதல்ல படிச்சிடுவேம்மா. மத்தவங்களுக்கும் உதவியா இருக்கட்டுமேன்னுதான்."

நூலகமே சிரித்தது. துப்பு சிரிக்கவில்லை. கண்டுபிடித்த பிறகு அந்தத் தாத்தா பாவமாகிவிட்டார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குத்தான் நான் அவளுக்குத் துப்பு என்று பெயர் வைத்தேன். துப்புக் கெட்டவள் என்று இனி எவரும் உன்னைத் திட்ட முடியாது என்றேன். அப்போது சிரித்தாள். அன்று மாலை கிளம்பும்போது, "வரேன் அத்தை" என்றாள். அதுவரை மேடம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய் தவறி வந்ததோ என்று நினைத்தேன். மறுநாளும் அத்தைதான்.

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அத்தை என்று கூப்பிட இந்த உலகத்தில் யாருக்கும் வழியில்லை. இதை நான் ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளவும் வேண்டாம்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. தலை வாரி விட்டேன். பல் விழுந்தபோது என் கைக்குட்டையில்தான் சுற்றி வைத்தாள். அம்மாவைப் பற்றி என்னிடம் மட்டும்தான் பேசினாள், அதுவும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே. அம்மா குரல் மறந்துகொண்டே வருகிறது அத்தை என்று ஒரு நாள் சொன்னாள். நான் அவள் அம்மாவைப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் அந்த அம்மாவின் குரல் எப்படி இருந்திருக்கும் என்று அன்றிரவு வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அப்பா மறுமணம் செய்துகொண்டார்.

சித்தி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். முப்பது வயதிருக்கும். ஒல்லி. பேசும்போது எதிரில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்கிற பழக்கம். கெட்டவள் என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. முதல் மாதம் துப்புவிடம் சுற்றி வளைத்து எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். அடிக்கிறாளா, கத்துகிறாளா, அம்மா படத்தை எடுத்துவிட்டாளா. "இல்ல அத்தை. அம்மா போட்டோவுக்குப் புது ஃப்ரேம் போட்டாங்க. சித்தி ரொம்ப நல்லவங்க" என்றாள். சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. பசி தீர்ந்த முகம்.

கொஞ்ச நாளில் வாரத்துக்கு ஒரு நாள் வரவில்லை. பிறகு இரண்டு நாள். கேட்டால், சித்தியின் கடையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன் என்பாள். சித்தி மைக்ராஸ்கோப் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள் என்பாள். கடைக்கு வருகிறவர்களின் நோயை அவர்கள் நடையை வைத்தே இரண்டு பேரும் கண்டுபிடிக்கிறார்களாம், பந்தயம் கட்டி. ஜன்னலோர நாற்காலியில் வேறு பிள்ளைகள் உட்கார ஆரம்பித்தார்கள். நான் எழுப்பிவிட்டேன். பிறகு எழுப்புவதை நிறுத்திக்கொண்டேன், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று.

இங்கே தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். சிறுவர் மர்மக் கதை தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு விதி உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த விதி. குற்றவாளி யாராகவும் இருக்கலாம். கடைக்காரர், வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர், ஏன் போலீஸ்காரர்கூட. ஆனால் வீட்டுக்குள் இருப்பவர் கூடாது. சாப்பாடு போடுகிற கை, மருந்து கொடுக்கிற கை, போர்வை போர்த்துகிற கை, இவை குற்றம் செய்யக்கூடாது. கதையில் எவ்வளவு பயம் வந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளை ஓடிப் போய் ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தையே பறித்துக்கொள்கிற கதையைப் பெரியவர்கள் அலமாரியில் வையுங்கள் என்பேன்.

அந்த விதியை நான் தெரியாமல் மீறினேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

மாடிக்குப் போய் நானே எடுத்துவந்தேன். முதலில் லேசான ஒன்று. பணக்கார முதலாளியை அவருடைய நர்ஸே கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிற கதை. துப்பு அதை ஒரே மூச்சில் முடித்தாள். அடுத்து ஒன்று, மூலிகைக் கடைக்காரி. அதற்கடுத்து ஒரு கதை, அதில் இரண்டாம் மனைவி. முதல் மனைவிக்கு அவளேதான் தோழியாக இருந்து கஷாயம் கொடுத்தவள். அந்தக் கதைகளில் கொலைகாரிகள் எல்லாருமே அன்பானவர்கள். கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள். துப்பு பழையபடி தினமும் வர ஆரம்பித்தாள். புத்தகம் தீரத் தீர வந்தாள். அவளைத் திரும்ப வரவழைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வந்துவிட்டாள். அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம்.

ஒரு நாள் வந்தவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகப் பேசினாள்.

"அத்தை, என் மாத்திரை கலர் மாறிடுச்சு. வெள்ளையா இருந்தது, இப்போ மஞ்சள்."

"சித்தி என்ன சொன்னாங்க?"

"கம்பெனி மாறிடுச்சாம். மருந்து அதேதானாம்." கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "அம்மாவுக்கும் அந்தக் கடையிலதான் மருந்து வாங்குவோம் அத்தை. அப்பாவுக்கு சித்தியை அங்கதான் தெரியும்."

நான், "அப்படியா" என்றேன்.

நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். நீங்கள் வேறு எதையாவது தேடினால் கிடைக்காது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று உங்களுக்கும் தெரியும், உங்கள் வேலையும் அப்படித்தானே. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்து, இழுத்துச் சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்த வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. அதைப் பார்த்தேன்.

அந்த வாரமே ஜியாமெட்ரி பாக்ஸில் பஞ்சு வைத்து அதில் மாத்திரைகளைக் கொண்டுவந்தாள். நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, சித்தி அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிடுகிறாளாம். ஓரம் கரைந்து பிசுபிசுவென்று இருந்தன.

"ஆதாரம் அத்தை. இதை டெஸ்ட் பண்ற ஆள் யாராவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் பாத்துக்கறேன்."

என் மேஜை இழுப்பறையில் குண்டூசி வைக்கிற தகர டப்பா ஒன்று இருந்தது. ஊசிகளைக் கொட்டிவிட்டு அதில் போட்டு மூடினேன். அவள் பெருமூச்சு விட்டாள். பொறுப்பு பெரியவர்கள் கைக்கு மாறிவிட்டால் பிள்ளைகள் விடுகிற பெருமூச்சு. ஜன்னலோரம் போய் உட்கார்ந்து அன்று நன்றாகத் தூங்கினாள். என் சால்வையைப் போர்த்திவிட்டேன்.

அப்புறம் தினமும் கேட்பாள். "ரிசல்ட் வந்துச்சா அத்தை?"

"இன்னும் வரல. அதுவரைக்கும் ஜாக்கிரதையா இரு."

இதை நான் சொன்னேன். ஒரு முறை அல்ல.

அவளுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும், நீங்கள் அதைக் கேட்கவில்லை என்றாலும். அவள் சித்தியை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒரு நாள் கேட்டாள், "டெஸ்ட்ல ஒண்ணுமில்லைன்னு வந்தா நான் சித்திகிட்ட சாரி சொல்லணுமா? அவங்களுக்குத் தெரியாதே, எதுக்கு சாரின்னு கேப்பாங்களே." அவள் கண் நிறைந்திருந்தது. ஒன்றுமில்லை என்று வர வேண்டும் என்று அந்தப் பிள்ளை வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டப்பாவைத் தூக்கிக் கொடுத்து, நல்ல மருந்துதான் கண்ணு, போட்டுக்கோ என்று சொல்லியிருந்தால், அவள் அங்கிருந்து மருந்துக்கடைவரை ஓடியிருப்பாள். அந்த ஓட்டத்தை நான் மனசுக்குள் பார்த்தேன். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

சித்தி என்னைத் தேடி வந்தது அதற்குச் சில நாள் கழித்து. மத்தியானம், பிள்ளைகள் யாரும் வராத நேரம். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நேத்து கையில டம்ளரோட அப்படியே நின்னுட்டா. கூப்பிட்டா கேக்கல. ஒரு நிமிஷம்தான், அப்புறம் சரியாயிட்டா. மாத்திரை என் கண்ணு முன்னாடிதான் போட்டுக்கறா. ஆனா மனசு ஒப்பமாட்டேங்குது. கேட்டா என் முகத்தையே பாக்கமாட்டேங்கறா."

"வயசு அப்படி" என்றேன்.

"டாக்டர்கிட்ட வர்ற வாரம் நாள் வாங்கியிருக்கேன். மாத்திரை சட்டுனு நின்னா ஆபத்து மேடம். வலிப்பு நிக்காம வந்துட்டே இருக்கும், உயிருக்கே... அவரு வேலை வேலைன்னு ஓடுறாரு. நான் சொன்னா கேக்கமாட்டா, நான் யாரு அவளுக்கு. நீங்க சொன்னா கேப்பா. அவளுக்கு உங்க மேல உசிரு. கொஞ்சம் சொல்றீங்களா?"

"சொல்றேன்" என்றேன்.

இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்தபோது, ஏதாவது புத்தகம் சொல்லுங்களேன், அவளோட சேர்ந்து நானும் படிக்கறேன், அப்படியாவது பேசுவாளா பாக்கலாம் என்றாள். இப்போது நல்லதாக எதுவும் உள்ளே இல்லை, வந்ததும் சொல்கிறேன் என்றேன். அவள் முதுகுக்குப் பின்னால் அறை முழுக்கப் புத்தகங்கள் இருந்தன.

அந்த வாரமே ஒரு நாள், காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது குளியலறையில் விழுந்தாள். சித்திதான் தாழ்ப்பாளை உடைத்தாள். அப்பா ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இருந்தார், போன் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி நெடுக வலிப்பு நிற்கவில்லை என்றார்கள். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. மாடி நூலகர் இறங்கிவந்து சொன்னார். நான் அப்போது புதிதாக வந்த புத்தகங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். மடிப்பு ஒன்றுகூடக் கோணவில்லை. அதைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ரத்தத்தில் மருந்தே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் துக்கம் விசாரிக்கப் போன அன்று அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சித்தி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நடுவில் யாரும் இல்லை, ஆனாலும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. என்னைக் கண்டதும் அவர் உடைந்துபோனார்.

"மாத்திரைன்னு இவ எதைக் குடுத்தான்னு கேளுங்க மேடம். மருந்துக்கடைக்காரி. கேளுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நீங்கள் சொன்னீர்களா, என் பிள்ளையிடம் சொன்னீர்களா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

கடையில் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். நீங்கள் அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். டப்பா என் இழுப்பறையில் இருந்தது. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாத்திரை, அதைக் கொடுத்த கை, அதை வாங்கிய வாய், இவற்றை எல்லாரும் விசாரித்தார்கள். பிள்ளை என்ன படித்தாள் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சித்திக்குத்தான் தோன்றியது. அதுவும் சந்தேகத்தால் அல்ல. துப்புவின் கட்டிலுக்கு அடியில் கிடந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எடுத்து வைத்ததை மறுபடியும் எடுத்துக்கொண்டாள்.

"இதையெல்லாம் நான் படிச்சிட்டுத் தரட்டுமா மேடம்? வீட்ல அவர் பேசறதில்ல. அவ இதுல எந்த இடத்துல சிரிச்சிருப்பா, எந்த இடத்துல பயந்திருப்பான்னு பாக்கணும்போல இருக்கு. கடைசியா வேற என்னென்ன படிச்சா? எல்லாம் வேணும்."

நான் எடுத்துக் கொடுத்தேன். வரிசையாக, ஒன்றுகூட விட்டுப்போகாமல். ஏன் கொடுத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். வெகு காலத்துக்குப் பிறகு ஒருவர் என் முன்னால் வந்து, அவள் என்ன படித்தாள் என்று உண்மையாகக் கேட்டிருக்கிறார். அந்தத் தேர்வு ஒவ்வொன்றிலும் என் உழைப்பு இருந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக எப்படி ஏறிப்போகிறது என்று யாராவது ஒருவராவது பார்க்கட்டும் என்று இருந்திருக்கலாம்.

அவள் மர்மக் கதையே படித்ததில்லை. முடிவை ஊகிக்கக்கூடத் தெரியாது. எல்லாவற்றையும் படித்துவிட்டு, இந்த வாரம் வந்தாள். உட்காரவில்லை.

"மேடம், எல்லாக் கதையிலயும் மருந்து குடுக்கறவதான் கொல்றா."

"அந்த மாதிரிக் கதைகளின் இயல்பு அது" என்றேன். அவளிடம்கூட நூலில் எழுதுவதுபோலத்தான் பேசினேன், பாருங்கள்.

"குழந்தைங்க அலமாரி முழுக்கப் பாத்தேன். அங்க ஒண்ணுல கூட அப்படி இல்ல. இது எல்லாம் மாடிப் புத்தகம். மாடி முத்திரை இருக்கு." குரல் உயரவில்லை. "குளியலறையில அவளைத் தூக்கினப்போ கண்ணைத் திறந்து என்னைப் பாத்தா. என் கையைத் தட்டிவிட்டா. எனக்கு இத்தனை நாளா அது மட்டும்தான் புரியல. வலிப்புல தட்டிவிட்டான்னு நெனச்சேன். மேடம், அவ என்னைப் பாத்து பயந்துட்டே செத்தாளா?"

இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். நானாகத்தான் வைத்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் மூடியைத் திறந்தாள். மருந்துக்கடைக்காரியாயிற்றே, பார்த்ததும் தெரிந்துவிட்டது. கரைந்த ஓரங்களை விரல் நுனியால் தொட்டாள். பிள்ளையின் வாய்க்குள்ளிருந்து வந்த பொருள் இந்த உலகத்தில் அவ்வளவுதான் மிச்சம். அவள் என்னை அடிக்கவில்லை, கத்தவில்லை. பக்கத்தில் இருந்த குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ ஒரு சின்னவன், இந்த அம்மா ஏன் நம்ம சேர்ல உக்காந்திருக்காங்க என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் அவள் உங்களுக்கு போன் செய்தாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை நல்ல மாத்திரை என்று எனக்குத் தெரியும். அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அப்பா சொல்லித் தெரியும், சித்தி சொல்லித் தெரியும். பிள்ளை அதைத் துப்புகிறாள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாதபோது எனக்குத் தெரியும். ஒரு வலிப்பு வரும், ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், பழி சித்தி மேல் விழும், அவள் போய்விடுவாள், துப்பு சாயங்காலங்களில் ஜன்னலோரம் உட்காருவாள் என்று நினைத்தேன். ஒரு வலிப்போடு நின்றுவிடும் என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளையைக் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

வெளியே பெஞ்சில் சித்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கமாட்டாள். நான் அவளைப் பற்றித் தப்பாக எதுவும் சொல்லவில்லை என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு நடுவில் அவள் வராமல் இருந்திருந்தால் பிள்ளை இன்று இருந்திருப்பாள். ஆனால் அதற்காக எனக்கு அவள் மேல் கோபம் எதுவும் கிடையாது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.